இரண்டு இழைச் செம்புக்கு இருபத்தொன்பதாயிரம் ரூபாய்

லிந்துலையைத் தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு முடக்கில் பைக் செத்தது. திக்கித் திணறி நிற்கவில்லை. யாரோ சாவியைத் திருப்பி எடுத்துவிட்ட மாதிரி ஹெட்லைட், மீட்டர் வெளிச்சம், இன்ஜின் சத்தம் மூன்றும் ஒரே நொடியில் போய்விட்டன. மாலை ஆறரை, பனிமூட்டம் இறங்கி ரோட்டோர வெள்ளைக் கோடுகூடத் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ் கடைசி நேரத்தில்தான் என்னைக் கண்டிருக்க வேண்டும், ஹோனை அழுத்திப் பிடித்தபடியே விலகிப் போனது. கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்குத் தொடங்கிய தொல்லை 19 நாள் இழுத்து, 29,200 ரூபாயைத் தின்றது. கடைசியில் பழுது இருந்த இடம் ஹேண்டில் கழுத்துக்குக் கீழே ஓடும் ஒரு சிவப்பு வயர். அதைச் சரிசெய்ய அதற்கு மேல் ஆன செலவு வெறும் 600 ரூபாய். இந்த வேலையைத் தெரிந்த ஒருவர் முதல் நாளே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சம் அத்தனையும் தப்பியிருக்கும்.

பைக் 125 சிசி, 12 வோல்ட், இருபது வயதுக்கு மேல். கிக்கரும் உண்டு, ஸ்டார்ட்டரும் உண்டு. ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் பட்டரி லைனிலிருந்து வருகிற வகை. இந்த வகையில் மெயின் லைன் போனால் இன்ஜினும் சேர்ந்தே போகும். பழைய பைக்குகளில் இன்னொரு வகை இருக்கிறது. அதில் ஸ்பார்க்குக்கான கரண்ட், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மெக்னட் கொயிலிலிருந்தே நேராக வரும், ஹோனும் சிக்னலும் செத்துக்கிடந்தாலும் கிக்கரை உதைத்தால் இன்ஜின் பிடித்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, வீட்டு வாசலில் ஒருநாள் மெயின் பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்துப் பாருங்கள். பிடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பட்டரி சேர்க்கிட்டில் இல்லாமல் ஓடவிட்டால் சில பைக்குகளில் வோல்ட் எகிறி பல்புகள் எரிந்துபோகும்.

பைக் எப்படி நின்றது என்பதே பாதி விடை. பெட்ரோல் பிரச்சினை என்றால் இழுவை குறைந்து, தடுமாறி, ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும். ஸ்பார்க் மட்டும் போனால் இன்ஜின் நிற்கும், நியூட்ரல் லைட்டும் ஹோனும் இருக்கும். எல்லாமே ஒன்றாகப் போனால் பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில்தான் இருக்க முடியும். அப்படிப் பொதுவாக இருப்பவை ஐந்தே இடம்: பட்டரியின் இரண்டு முனை, மெயின் பியூஸும் அதன் கூடும், பியூஸிலிருந்து சாவி ஸ்விட்சுக்குப் போகும் பெரிய வயர், சாவி ஸ்விட்ச், பட்டரி நெகடிவிலிருந்து இன்ஜினுக்கும் பைக்கின் இரும்புச் சட்டத்துக்கும் போகும் அர்த் வயர். பட்டரிக்குள்ளேயே தட்டு இணைப்பு முறிந்தாலும் இப்படி நிற்கலாம், ஆனால் அது அரிது. சும்மா பலவீனமான பட்டரி ஓடுகிற பைக்கை ஒரு நொடியில் கொல்லாது. அது காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தும்போதே முனகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி இல்லாமலும் இல்லை. மூன்று வாரமாகவே சிக்னல் லைட் ஒருநாள் வேகமாகவும் ஒருநாள் சோம்பலாகவும் மின்னியது. ஹோனை அழுத்தினால் நியூட்ரல் லைட் மங்கும். காலையில் ஹேண்டில் லாக்கை எடுத்து, ஹேண்டில் இடதுபக்கம் மடங்கியிருக்கும்போதே சாவியைத் திருப்பினால் சில நாள் நியூட்ரல் லைட் வராது, ஹேண்டிலை நேராக்கினால் வரும். இந்தக் கடைசி விஷயம் பழுதின் விலாசத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி. நான் அதைக் குளிருக்குத் தூக்கம் கலையாத பட்டரி என்று நினைத்துக்கொண்டேன். குளிரில் பட்டரியின் பலம் குறைவது உண்மைதான், ஆனால் எங்கள் ஊர்க் குளிர் நல்ல பட்டரியை ஊமையாக்கும் அளவுக்கு இல்லை.

அந்த இரவுக்கு வருகிறேன். சாவியை மூன்று தரம் போட்டு எடுத்ததும் நியூட்ரல் லைட் வந்தது. உதைத்தேன், பிடித்தது. இருநூறு மீட்டர் போயிருக்காது, அடுத்த முடக்கில் திரும்பவும் செத்தது. போய்ப் போய் வருகிறது என்றால் அது தளர்ந்த அல்லது அறுந்த தொடுப்பு. காலியான பட்டரி தானாக உயிர்பெற்று வராது. இது அப்போது மண்டையில் ஏறவில்லை. செய்த ஒரே நல்ல காரியம், முடக்கில் நின்று ஆராய்ச்சி பண்ணாமல் பைக்கை நேரான இடம் வரை தள்ளிக் கான் ஓரமாக நிறுத்தியது. பின் லைட் இல்லாத பைக்கை முடக்கில் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. டோர்ச்சைப் பின்பக்கம் பார்த்து எரியவிட்டு சீட்டில் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட வேண்டும்.

பக்க மூடியைக் கழற்றி பியூஸைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் பியூஸ், உள்ளே கம்பி முழுசாக இருந்தது, திருப்பி வைத்துவிட்டேன். கண்ணால் பார்த்தால் போதாது. இந்தக் கண்ணாடி பியூஸ்களில் கம்பி தொப்பிக்குள் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போவது உண்டு, வெளியே தெரியாது. அதைவிட அடிக்கடி நடப்பது, பியூஸைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி கறுத்து இளகிப்போவது. மாற்று பியூஸ் ஒன்று போட்டுப் பார்ப்பதும், கவ்வியைக் குறட்டால் லேசாக நெருக்கிவிடுவதும், உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பதும் ஐந்து நிமிட வேலை. எதைச் செய்தாலும் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைக்காதீர்கள். பியூஸ் காப்பது வயரை. ஈயத்தாள் எரியாது, அதற்குப் பதிலாக டாங்குக்குக் கீழே ஓடும் வயர்தான் எரியும்.

நிறுத்திவிட்டு வந்து பார்த்த ஒரு பெரிய லொறிக்காரர், தன் பட்டரியிலிருந்து வயர் போட்டுத் தருகிறேன் என்றார். நல்ல மனுசன். ஆனால் பெரிய லொறிகளில் இரண்டு பட்டரியைத் தொடராகப் பூட்டி 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதை 12 வோல்ட் பைக்கில் கொடுத்தால் பல்பு முதல் ஸ்பார்க் பெட்டி வரை போகும். கார் அல்லது வேன் பட்டரி என்றால், அந்த வண்டியின் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கொடுக்கலாம். கடைசியில் சின்ன லொறி ஒன்றில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவர 5,000 ரூபாய்.

அடுத்த நாள் கராஜில் சாவியைத் திருப்பியதும் எல்லாம் எரிந்தன! ஹேண்டில் நேராக இருந்தது, அவ்வளவுதான் காரணம். "பட்டரி மூணு வருசம் ஆயிருச்சுல்ல தம்பி, அதான் வேலையக் காட்டுது" என்றார் பாஸ். புதுப் பட்டரி 11,500, கூலி 1,500. பழையதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அது நல்ல பட்டரி என்று பிறகு நினைக்க நினைக்கத்தான் வயிறு எரிந்தது. பட்டரியை மாற்றச் சொன்னால் முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த பைக்கில் காலையில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் சார்ஜ் நிறைய இருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் அடிமட்டம். பிறகு ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே பார்க்க வேண்டும், 10 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் நின்றால் அந்தப் பட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திறந்து தண்ணீர் ஊற்றும் வகைப் பட்டரி என்றால் எல்லா அறையிலும் கோட்டளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்திருந்தால் பட்டரித் தண்ணீர்தான், மலை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆகாது.

நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் கடை வாசலில் நிறுத்த ஹேண்டிலை ஒடித்தபோது செத்தது. வேறு கராஜ். அங்கே "சார்ஜ் கூடப் போகுது, ரெகுலேட்டர் மாத்தணும்" என்றார்கள். ரெகுலேட்டர் என்பது பட்டரிக்குப் போகும் சார்ஜை அளவோடு வைக்கும் பெட்டி. வோல்ட் அளக்கும் மீட்டரை அவர்கள் தொடவே இல்லை. ரெகுலேட்டர் 3,200, கூலி 1,000. ரெகுலேட்டரைச் சோதிப்பது இரண்டு நிமிடக் காரியம்: இன்ஜின் ஓடும்போது பட்டரி முனைகளில் மீட்டரை வைத்து ஆக்ஸிலேட்டரைப் பாதி வரை திருக வேண்டும். 13.8 முதல் 14.5 வரை ஏறி அங்கேயே நின்றால் ரெகுலேட்டரும் மெக்னட் கொயிலும் நன்றாக இருக்கின்றன. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று, அல்லது அதன் அர்த் சரியில்லை. 13-ஐத் தொடாவிட்டால் கொயில், கொயில் பிளக், ரெகுலேட்டர் மூன்றில் ஒன்று. என் பழைய ரெகுலேட்டரைப் பிறகு பூட்டிப் பார்த்தேன், 14.2 காட்டியது.

இத்தனைக்குப் பிறகு இனி யாரையும் நம்புவதில்லை என்று ரோஷம் வந்து 2,200 ரூபாய்க்கு மீட்டர் வாங்கினேன். சரியான ஆயுதத்தை வாங்கிவிட்டுத் தப்பாகப் பிடித்த கதை இது. பைக் செத்து நிற்கும்போதே அளந்தேன். பட்டரியில் 12.7. பியூஸ் தாண்டி 12.7. சாவி ஸ்விட்சுக்கு வரும் சிவப்பு வயரின் பிளக்கைக் கழற்றி அதில் வைத்தால் 12.6. ஆக வயர் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் போயிற்று என்று முடிவுகட்டி, டாங்க் மூடி, சீட் பூட்டோடு சேர்ந்த ஸ்விட்ச் செட் 4,800-க்கு வாங்கிப் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒன்றும் எரியவில்லை. அந்த இடத்தில் கண்ணீர் வராத குறை.

தலவாக்கலையில் பட்டரி சார்ஜ் பண்ணும் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் சொன்னேன். தலைமுடி முழுக்க நரைத்தவர். நான் மீட்டர் கணக்கை ஒப்பித்ததைக் கேட்டுவிட்டு, லாச்சியைத் திறந்து ஒரு பிரேக் லைட் பல்பை எடுத்தார். 21 வாட். அடியில் இரண்டு வயர் பற்றவைத்து நுனியில் முதலைக் கவ்வி போட்டிருந்தது. ஒன்றைப் பட்டரி நெகடிவில் கவ்வினார், மற்றதைச் சிவப்பு வயரின் நுனியில் தொட்டார். பல்புக்குள் கம்பி அடுப்பில் அணையப்போகும் தணல் மாதிரி ஒரு சிவப்புக் காட்டியது, அவ்வளவுதான். அதே பல்பை நேரே பட்டரியில் தொட்டபோது கண்ணைக் கூசியது. "உங்க மீட்டரு பொய் சொல்லல தம்பி. நீங்க கேட்ட கேள்விதான் தப்பு" என்றார்.

லயத்துப் பீலியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். குழாய்க்குள் பாசியும் மண்ணும் அடைத்திருந்தாலும், வாயை விரலால் இறுக மூடினால் கொஞ்ச நேரத்தில் முழு அழுத்தமும் விரலில் தெரியும். விரலை எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், குடம் நிறையாது. மீட்டர் அந்த விரல். சாதாரண மீட்டர் இழுப்பது ஒரு அம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. அதற்கு மயிரிழைத் தொடுப்பே போதும், 12 வோல்ட்டும் நோகாமல் வந்து சேரும். 21 வாட் பல்பு கேட்பது 1.75 அம்பியர். அதைக் கேட்கும்போதுதான் வயரின் குட்டு உடையும். ஆகவே ஒரு வயர் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று அந்த வயரின் வழியாக எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும்.

பழுது எங்கே என்று பிடித்த விதம்தான் இந்த 19 நாளில் நான் கற்ற ஒரே உருப்படியான வித்தை. பல்பைச் சிவப்பு வயரின் கடைசி நுனிக்கும் பட்டரி நெகடிவுக்கும் நடுவே கவ்விவிட்டு அப்படியே விட்டார். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முள்ளைப் பட்டரி பொசிடிவ் முனையிலேயே நிறுத்தினார். சிவப்பு முள்ளை வழி நெடுக ஒவ்வொரு இணைப்பிலும் தொட்டுக்கொண்டே போனார். இப்படி வைத்தால் மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட்டை. காட்டும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பியூஸுக்கு முன்னால் 0.02. பியூஸ் தாண்டி 0.12. டாங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் 0.15. ஸ்விட்ச் பக்க நுனியில் 9.1. டாங்க் பிளக்குக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள துண்டில் 9 வோல்ட் காணாமல் போகிறது. ஒரு பல்பு மட்டும் எரியும்போது மொத்த இழப்பு 0.2-க்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட் உட்பட எல்லாம் எரியும்போது 0.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கே வேலை இருக்கிறது.

வயர்க் கட்டின் மேலே இருந்த கறுப்பு உறையை உரித்ததும் ஹேண்டில் கழுத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டை, வயர்க் கட்டின் இடுப்பையே ஒடிக்கிற மாதிரி இறுக்கியிருந்தது. முன்பு எப்போதோ கூடுதல் ஹோன் பூட்டியவர் போட்டது. டையை வெட்டிவிட்டு, சிவப்பு வயரை மட்டும் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அங்குலம் அங்குலமாக மடித்துக்கொண்டே வந்தார். நல்ல வயர் மடித்தால் கொஞ்சம் எதிர்க்கும், விட்டால் நிமிரும். டை இருந்த இடத்தில் மட்டும் அது ஈர நூல் மாதிரி துவண்டு மடிந்தது. வெளி இன்சுலேஷனில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகத் தூள். இருபதுக்கு மேற்பட்ட இழைகளில் இரண்டு மட்டும் பாசி பூத்தபடி ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. ஹேண்டில் நேராக இருந்தால் தொடும், இடதுபக்கம் ஒடித்தால் விலகும். முடக்கில் ஓடும்போது ஹேண்டில் அப்படியொன்றும் கடைசி வரை திரும்பாது, ஆனால் பாதி அறுந்த வயருக்கு அந்தக் கொஞ்சமும் குலுக்கலும் போதும். உண்மையில் வயரைக் கொன்றது ராத்திரியில் போடும் ஹேண்டில் லாக். கடைசி வரை இடதுபக்கம் இழுத்து லாக் போட்டு, அதே நிலையில் பத்து மணி நேரம் மழையிலும் பனியிலும் விட்டு வைத்தது. ஈரம் ஒரு நுனியில் புகுந்தால் இழைகளுக்கு நடுவே திரிவிளக்கில் எண்ணெய் ஏறுகிற மாதிரி உள்ளே ஏறிப் போகும்.

மெக்னட் கொயில் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தும் இன்ஜின் ஏன் செத்தது என்ற கேள்விக்கும் அப்போது விடை கிடைத்தது. ரெகுலேட்டரிலிருந்து வரும் சிவப்பு வயர் பட்டரிப் பக்கமே சேர்ந்துவிடுகிறது. அறுந்த இடம் அதற்கு அப்பால். பட்டரிக்கும் மெக்னட்டுக்கும் குறையே இல்லை, இரண்டும் சேர்ந்து ஒரு அறுந்த பாலத்துக்கு இக்கரையில் நின்றன. பட்டரி எந்நேரமும் 12.7 காட்டியதும் அதனால்தான்.

செப்பனிடுவதிலும் பிழை விட இடம் இருக்கிறது. பட்டரி நெகடிவை முதலில் கழற்றி, பெட்ரோல் டாங்கை இறக்கித் தூரமாக வைத்துவிட்டுத்தான் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினார். பச்சை ஏறிய பகுதியை மட்டும் வெட்டி ஒட்டவில்லை. மினுங்கும் செம்பு தெரியும் வரை இருபக்கமும் வெட்டிக்கொண்டே போனார், பத்து அங்குலம் கழிந்தது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, பிடித்த மாதிரி இருந்தாலும் ஆறு மாதத்தில் விட்டுப்போகும். போட்ட புது வயர் பழையதைவிட ஒரு பிடி தடிப்பு, மெல்லிய இழைகள் நிறைய உள்ள வண்டி வயர். வீட்டு வயரிங்குக்குப் போடும் விறைத்த கம்பி வேண்டவே வேண்டாம், அசைகிற இடத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. முக்கியமான இன்னொன்று: ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அதன் ஓரத்தில்தான் அடுத்த முறிவு வரும். அதனால் ஒட்டு ஹேண்டில் கழுத்தில் வரக் கூடாது. ஒன்றை டாங்குக்குக் கீழேயும் மற்றதை ஸ்விட்ச் பிளக்கின் நுனியிலும் வைத்து, அசைகிற நடுப்பகுதியை ஒரே நீளமாக விட்டார். ஒட்டின் மேல் சூட்டுக்குச் சுருங்கும் குழாய், அதற்கு மேல் டேப். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் எங்கள் ஊர் ஈரத்துக்கு டேப்பே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கோடி வரை திருப்பிப் பார்த்து, வயர் எந்தப் பக்கமும் இழுபடாத அளவு தளர்வு விட்டு, டையை விரல் நுழைகிற மாதிரி லூசாகப் போட்டார். வயர், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 600 என்றார். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை. பிளேன்டீ மட்டும் குடித்தார்.

போகிற போக்கில் அர்த்தையும் பார்க்கச் சொன்னார். பாதிப் பேர் பொசிடிவ் வயரை மட்டும் துரத்துவார்களாம். இதற்கும் அதே அளவைதான். ஹெட்லைட்டை எரியவிட்டு, ஹோனை அழுத்திக்கொண்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பட்டரி நெகடிவிலும் மற்றதை இன்ஜின் போல்ட்டிலும், பிறகு சட்டத்தில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைக்க வேண்டும். 0.2-க்குக் கீழே இருந்தால் சரி. என்னுடையதில் 0.4 வந்தது. அர்த் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் துரு. உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும் வரை தேய்த்து இறுக்கி, அதன் பிறகு மேலே வாஸ்லின். முதலில் வாஸ்லின் பூசிவிட்டு இறுக்கக் கூடாது. இப்போது 0.05.

உங்கள் பைக்கில் பியூஸ் எரிந்தே போகிறது என்றால் அது வேறு சாதிப் பழுது, என்னுடையது வயர் அறுந்தது, அது வயர் எங்கோ சட்டத்தில் உரசிச் சேர்வது. பியூஸ் மாற்றி மாற்றிக் காசைக் கரைக்காமல், பியூஸ் இருந்த இடத்தில் இதே 21 வாட் பல்பைக் கவ்வுங்கள். ஹெட்லைட்டை அணைத்துச் சாவியைப் போட்டால், சேர்ந்துகொண்டிருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயரும் வேகாது. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போய், எதைக் கழற்றும்போது பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில் தேடுங்கள்.

வயர் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ரோட்டில் தற்காலிகமாக வழி பண்ணப் போய் வீடு எரிந்த கதையாகிவிடக் கூடாது. ஹோண்டாவில் பட்டரியிலிருந்து ஸ்விட்சுக்குச் சிவப்பு வரும், சாவி போட்டால் கரண்ட் வெளியேறுவது கறுப்பில், அர்த் பச்சை. யமஹாவில் சிவப்பு வந்து மண்ணிறத்தில் வெளியேறும், கறுப்புத்தான் அர்த். சுசுகியில் சிவப்பு வந்து செம்மஞ்சளில் வெளியேறும், அர்த் கறுப்பில் வெள்ளைக் கோடு. கறுப்பு என்றால் எல்லாவற்றிலும் அர்த் என்று நினைத்து ஹோண்டாவில் கை வைத்தவர்கள் புகையைப் பார்த்திருப்பார்கள். அதுவும் இருபது வருசத்தில் யார் யார் எந்த நிற வயரை ஒட்டினார்களோ, பல்பை வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்ப வேண்டாம்.

இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு பொலித்தீன் பையில் கிடப்பவை: கவ்வி வைத்த 21 வாட் பல்பு, மாற்று பியூஸ் மூன்று, ஒரு துண்டு உப்புத்தாள், நடுவில் 10 அம்பியர் பியூஸ் கூடு வைத்த ஒன்றரை மீட்டர் வயர். அன்றைக்கு இந்த வயர் மட்டும் இருந்திருந்தால், ஒரு நுனியைப் பட்டரி பொசிடிவிலும் மறு நுனியை ஸ்விட்சிலிருந்து வெளியேறும் வயரிலும் கவ்விவிட்டு லொறி இல்லாமலே வீடு சேர்ந்திருக்கலாம். அப்படிப் பூட்டினால் சாவியை எடுத்தாலும் கரண்ட் நிற்காது, நிறுத்தியதும் கவ்வியைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டரை அழுத்தாமல் உதைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பழைய ஸ்விட்சைச் சுத்தம் பண்ணிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், அதில் ஒரு பழுதும் இல்லை. புது செட்டோடு வந்த டாங்க் மூடியும் சீட் பூட்டும் என் பைக்குக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் சாவிக் கொத்தில் இப்போது இரண்டு சாவி. பெட்ரோல் அடிக்கப் போகும்போதெல்லாம் முதலில் தப்பான சாவியைத்தான் எடுக்கிறேன்.